கையை எடுக்கும் நேரம்

ஒன்பது வருடம் நான் விமானத்தில் ஏறவில்லை. டெல்லி என்றாலும் ஜி.டி. எக்ஸ்பிரஸ், கல்கத்தா என்றாலும் கோரமண்டல். கேட்டவர்களிடம் 'ரயிலில் போனால்தான் தேசத்தைப் பார்க்கலாம்' என்று பீற்றிக்கொள்வேன். உண்மைக் காரணம், பயம்.

1998-ல் மும்பையிலிருந்து சென்னை வர விமானத்தில் உட்கார்ந்திருந்தேன். ரன்வேயில் ஓட ஆரம்பித்து, முதுகு ஸீட்டில் அழுந்தி, இதோ கிளம்பப்போகிறது என்கிற நேரத்தில் யாரோ வாலைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு பிரேக். பெல்ட் வயிற்றை அறுத்தது. அப்புறம் ஒரு பேரமைதி. மெதுவாகத் திரும்பி வந்து நிறுத்தினார்கள். 'டெக்னிக்கல் ரீஸன்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் கழித்து மாற்று விமானம் வந்தது. மற்றவர்கள் ஏறினார்கள். நான் டாக்ஸி பிடித்து தாதர் ஸ்டேஷனுக்குப் போனேன்.

2007-ல் சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவ நேரம். சிங்கப்பூருக்கு ரயில் கிடையாது. "பரவாயில்லை, நான் மட்டும் போயிட்டு வரேன்" என்றாள் மனைவி. குரலில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். இல்லை. அதுதான் தைத்தது.

அக்கா பையன் ஒரு வைத்தியம் சொன்னான். "மாமா, நீங்களே ஓட்டிப் பாருங்க. பயம் போயிடும்." என் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004-ஐ ஏற்றி, ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு ஜாய்ஸ்டிக்கையும் சொருகிவிட்டுப் போனான். மைக்ரோசாஃப்ட் 1982-ல் முதன்முதலாக வெளியிட்ட விளையாட்டின் பேரன் அது. உலகத்தின் ஆயிரக்கணக்கான விமான நிலையங்கள் அதற்குள் இருந்தன. நம் மீனம்பாக்கமும் இருந்தது.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் உண்டு. 'இப்போதெல்லாம் பைலட் சும்மா உட்கார்ந்திருப்பார், எல்லாம் ஆட்டோபைலட்தான்' என்று எங்கோ கேட்டிருந்தேன். மனுஷன் தூங்கிவிடலாம், மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். மெஷினுக்கு அந்தத் தொல்லைகள் இல்லை. எனவே போயிங் 737-ஐ ரன்வே 07-ல் நிறுத்தி, உயரத்துக்கான கட்டத்தில் 5000 அடி என்று வைத்து, ஆட்டோபைலட்டைத் தட்டி, விசையை முழுசாக முன்னால் தள்ளிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தேன்.

ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. ரன்வேயின் முடிவு நெருங்குகிறது, எழும்பக் காணோம். ஜாய்ஸ்டிக்கை இழுத்தால் கேட்கவில்லை. திடீரென்று மூக்கு வானத்தைப் பார்த்து விசுக்கென்று தூக்கியது, தீபாவளி ராக்கெட் மாதிரி. அப்படியே வேகம் செத்து, சாய்ந்து, தொபுக்கடீர். அடுத்த முறை கையாலேயே கிளப்பி, 500 அடியில் ஆட்டோபைலட்டையும் உயரத்துக்கான பட்டனையும் போட்டேன். கட்டத்தில் எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். பூஜ்யம் என்றே இருந்தது. விமானம் பணிவாகத் தலை குனிந்து தரைக்கே போய்ச் சேர்ந்தது.

மனைவி காபியோடு வந்தாள். "இன்னிக்கு எத்தனை பேரைச் சாகடிச்சீங்க?"

எங்கள் ஃப்ளாட்டில் மூன்றாவது மாடியில் ஒரு பையன், நிஜமான 737-ல் கோ-பைலட். கூட்டிவந்து காட்டினேன். சிரித்தான்.

"அங்கிள், ஆட்டோபைலட் உங்க பேச்சைத்தான் கேட்டிருக்கு. 5000 அடி ஏறுன்னீங்க. சக்கரம் தரையில இருக்குன்னு இதுக்குத் தெரியாது. ஏறலையே, மூக்கு போதலை போலிருக்குன்னு வால் பக்கத்து ட்ரிம்மைத் திருப்பிக்கிட்டே இருந்திருக்கு. வேகம் வந்ததும் சேர்த்து வெச்ச அத்தனையும் ஒரே நேரத்துல வேலை செஞ்சுடுச்சு. ரெண்டாவது தடவை, பூஜ்யம்னு சொன்னீங்க. பூஜ்யத்துக்குப் போச்சு."

"நிஜ விமானத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"

"சமாளிக்கிறதே இல்லை. டேக் ஆஃப் கையாலதான். எங்க 737-ல 400 அடிக்குக் கீழே ஆட்டோபைலட் போடக்கூடாது."

வயிற்றைக் கலக்கியது. என் ஒரே ஆறுதலும் போயிற்று.

என் முகத்தைப் பார்த்து அவனே தொடர்ந்தான். உதவிக்கு மெஷின் இல்லாமல் இல்லை. டோகா என்று ஒரு பட்டன். அழுத்தினால் விசைத் தண்டுகள் தானாகவே முன்னால் நகர்ந்து, வேண்டிய அளவில் நிற்கும். ஆனால் 84 நாட் வேகம் வந்ததும் மெஷின் தண்டுகளை விட்டு விலகிக்கொள்ளும். அதற்குப் பிறகு அதன் இஷ்டத்துக்குக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. எதிரே திரையில் 'ஃப்ளைட் டைரக்டர்' என்கிற கோடுகள், மூக்கை எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும். காட்டுவதோடு சரி. தூக்குவது கை.

இதில் ஒரு விசித்திரம் கவனியுங்கள். ஆட்டோபைலட் நேற்று வந்ததில்லை. 1914 ஜூனில் பாரிஸுக்குப் பக்கத்தில் ஸென் நதி மேல் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்கிற 21 வயது அமெரிக்கர், சுழலும் கைரோஸ்கோப்புகளிடம் விமானத்தை ஒப்படைத்துவிட்டு, கூட்டம் பார்க்க இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். அந்த நேரம் அவருடைய மெக்கானிக் இறக்கை மேல் நடந்துகொண்டிருந்தார்! 1965 ஜூன் 10-ம் தேதி லண்டன் ஹீத்ரோவில் ஒரு டிரைடன்ட் விமானம், பயணிகளை வைத்துக்கொண்டே, கடைசி நொடியில் மூக்கைத் தூக்கித் தரை தொடும் வேலையைத் தானாகச் செய்தது. லண்டன் மூடுபனி அவர்களை அந்தப் பாடு படுத்தியிருந்தது. இறங்கத் தெரிந்த மெஷினுக்கு ஏறுவது என்ன பிரமாதம்?

இறங்கும்போது தரையிலிருந்து ரேடியோ அலைகள் வழிகாட்டும். சரிப்படவில்லையென்றால் மறுபடி மேலே போய்ச் சுற்றி வரலாம். ஏறும்போது முப்பது நாற்பது செகண்டுதான். எதிரே ரன்வே தீர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்குள் பதில் வேண்டிய கேள்வி ஒன்றுதான். போகலாமா, நிற்கலாமா? 2019 டிசம்பரில் பிரான்ஸில் துலூஸில் ஏர்பஸ் ஒரு ஏ350-ஐ கேமரா கண்களை வைத்துத் தானாக எட்டு முறை கிளம்ப வைத்தது. ஆக, முடியாதது இல்லை. ஆனால் அது சோதனை. பைலட்கள் பக்கத்திலேயே விழித்திருந்தார்கள்.

'போகலாமா நிற்கலாமா'வுக்கு ஒரு பெயர் உண்டு என்றான் பையன். வி ஒன். விமானத்தின் எடை, வெயில், ரன்வே நீளம் எல்லாவற்றையும் பார்த்துக் கிளம்புவதற்கு முன்பே கணக்குப் போட்டு வைக்கும் ஒரு வேகம். அதுவரை, தண்டுகளை மெஷினே தள்ளியிருந்தாலும், கேப்டனின் கை அவற்றின் மேல்தான் இருக்கும். ஏதாவது தப்பென்றால் அந்தக் கை தண்டுகளைச் சட்டென்று பின்னால் இழுக்கும். இழுத்ததும் பிரேக்கை மெஷின் தானே முழு பலத்தோடு பிடித்துக்கொள்ளும். பிடிப்பது மெஷின், இழுப்பது மனுஷன். வி ஒன்னைத் தாண்டிவிட்டால் ஒரு எஞ்சினே நின்றாலும் பறந்துவிடுவதுதான் உத்தமம். அப்போது மனசு மாறிக் கை இழுத்துவிடக் கூடாது. அதனால் வி ஒன் வந்ததும் கேப்டன் கையை எடுத்துவிடுவார்.

நான் 1998 கதையைச் சொன்னேன். ஒன்பது வருடத்தில் வேறு யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

பையன் சிரிக்கவில்லை. "அங்கிள், நீங்க அன்னிக்குப் பார்த்தது ஆக்ஸிடென்ட் இல்லை. முன்னால ஏதோ ஒரு விளக்கு எரிஞ்சிருக்கும். ஒருத்தர் கை அங்கே இருந்திருக்கு. அவ்வளவுதான்."

ஒன்பது வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது என்னைக் காப்பாற்றிய ஒரு கையைப் பார்த்து. என் சிமுலேட்டர் ஆட்டோபைலட் அந்த இடத்தில் இருந்திருந்தால் 'ஏறு என்றுதானே சொன்னார்கள்' என்று போயிருக்கும். இதை அன்றைக்கே மைக்கில் நாலு வார்த்தையில் சொல்லியிருந்தால் எனக்கு எத்தனை ரயில் டிக்கெட் மிச்சம்!

சிங்கப்பூர் விமானம் நடுராத்திரி. விளக்குகளைக் குறைத்தார்கள். ரன்வேயில் திரும்பி நின்றது. முதுகு ஸீட்டில் அழுந்தியது. எண்ண ஆரம்பித்தேன். பத்து... இருபது... முன்னால், கதவுக்கு அந்தப் பக்கம், முகம் தெரியாத ஒருவரின் கை தண்டுகள் மேல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முப்பது. இப்போது எடுத்திருப்பார். மூக்கு மெதுவாக எழுந்தது. சென்னை நகரம் கீழே மினுமினுப்பாக விலகிப்போனது.

"வி ஒன் தாண்டியாச்சு" என்றேன் மனைவியிடம், ஏதோ நான்தான் ஓட்டுகிற மாதிரி.

"அப்படின்னா?"

"கேப்டன் கையை எடுத்திருப்பார்."

"நீங்களும் எடுங்க" என்றாள். "வலிக்குது."

அப்போதுதான் கவனித்தேன், அவள் மணிக்கட்டில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன.