மடத்துக் கல், கோட்டைச் சுவர்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், ஸ்காட்லாந்து எல்லைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது லிண்டிஸ்ஃபார்ன் தீவு. தினமும் இரண்டு முறை கடல் ஏறி, தீவுக்குப் போகும் சாலையை மூடிவிடும். நேரம் பார்க்காமல் கிளம்பிய கார்கள் நடுவழியில் சிக்கிக்கொள்வது அங்கே வாடிக்கை. சாலையை விட்டுத் தள்ளி, சேற்றில் வரிசையாகக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். அது யாத்திரிகர்களின் பழைய பாதை. இன்றும் அதில் வெறுங்காலோடு நடந்து போகிறவர்கள் உண்டு.

தீவில் எல்லோரும் பார்க்கப் போவது இரண்டு இடங்கள்: இடிந்து கிடக்கும் மடம், பாறைக் குன்றின் மேல் ஒரு கோட்டை. மடத்தை இடித்தது யார் என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் வைக்கிங்குகள் என்பார்கள். 793இல் அவர்கள் கடல்வழி வந்து துறவிகளைக் கொன்றதும், கொள்ளையடித்ததும் உண்மைதான். ஆனால் அவர்கள் சூறையாடியது வேறு மடம். அயோனா தீவிலிருந்து வந்த துறவி எய்டன் 635இல் தொடங்கியது அது. அதன் கட்டடம் எதுவும் இன்று கண்ணில் படாது. 875இல் துறவிகள், தாங்கள் போற்றிய புனிதர் கத்பர்ட்டின் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு தீவைவிட்டே வெளியேறினார்கள். அந்தப் பழைய மடத்தில் எழுதி வண்ணம் தீட்டப்பட்ட நற்செய்திச் சுவடி இப்போது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

இன்று நாம் பார்க்கும் சுவர்கள் 12ஆம் நூற்றாண்டில் டர்ஹாம் துறவிகள் எழுப்பியவை. செம்மண் நிற மணற்கல். உருண்டு திரண்ட தூண்களில் வளைந்து வளைந்து போகும் கோடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால், கடற்காற்று அரித்து அரித்துக் கல் முழுக்கத் தேனடை மாதிரிக் குழிகள். விரலால் தொட்டால் மணல் ஒட்டுகிறது. நடுக் கோபுரம் எப்போதோ விழுந்துவிட்டது. அதன் கீழிருந்த கூரையின் ஒற்றை வளைவு மட்டும், தாங்குவதற்கு மேலே ஒன்றுமில்லாமல், அந்தரத்தில் நிற்கிறது. வானவில் வளைவு என்கிறார்கள். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, எப்படி இன்னும் விழாமல் இருக்கிறது என்ற பயமும், கட்டியவர்கள் மேல் மதிப்பும் சேர்ந்தே வருகின்றன.

இந்த மடத்தைக் கைவிட வைத்தது எட்டாம் ஹென்றியின் அரசு. 1537இல் மடம் மூடப்பட்டது. தேவாலயம் அரசாங்கக் கிடங்காயிற்று. அடுத்த சில ஆண்டுகளில், ஸ்காட்லாந்துப் படை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் குன்றின் மேல் கோட்டை எழுந்தது. அதற்குக் கல் போனது மடத்திலிருந்துதான். எனக்கு மனம் ஆறாத இடம் இது. வெளியிலிருந்து வந்த கொள்ளையனின் கதையை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொந்த அரசன் சட்டம் போட்டுக் கணக்கு எழுதிச் செய்த அழிவை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

அப்படிக் கட்டிய கோட்டைக்கும் பெரிதாக வேலை இருக்கவில்லை. 1603இல் இரு நாடுகளுக்கும் ஒரே அரசர் வந்துவிட்டார். 1715இல் இரண்டே பேர் அதைக் கைப்பற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்கள் என்றால் காவல் எப்படி இருந்திருக்கும்! 1903 முதல் அதை விடுமுறை வீடாக மாற்றியவர் லட்யன்ஸ். ஆம், பின்னாளில் டெல்லியில் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த அதே லட்யன்ஸ். வளைந்த கூரையும் கனத்த சுவருமாகச் சின்னச் சின்ன அறைகள். அழகாகத்தான் செய்திருக்கிறார். எனக்கோ அந்தச் சுவர்களைப் பார்த்தபோதெல்லாம் மடத்துத் தூண்கள்தான் நினைவுக்கு வந்தன.

இரண்டுக்கும் நுழைவுச்சீட்டு தனித்தனி. மடம் இங்கிலிஷ் ஹெரிடேஜ் பொறுப்பில், கோட்டை நேஷனல் டிரஸ்ட் பொறுப்பில். மடத்தை முதலில் பாருங்கள். ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், மடத்துக்கே சீட்டு எடுங்கள்.