அம்மாவின் கையும் அரைப் படமும்

1998 ஆம் ஆண்டு எமது தங்கையின் திருமணத்தை வீடியோ நாடாவில் பதிவு செய்வித்து, பின்னர் இறுவட்டுக்கு மாற்றினோம். அதில் அம்மா மணமக்களுக்கு அறுகரிசி இடும் காட்சியொன்று உண்டு. அம்மா காலமான பின்பு, அவர் நடமாடுவதைக் காண எமக்குள்ளது அந்த இறுவட்டு ஒன்றே.

பழைய தொலைக்காட்சிப் பெட்டி பழுதடையவே, சென்ற ஆண்டு தட்டையான புதியதொன்றை வாங்கினோம். அதிற் பார்த்தபோது, அம்மாவின் கை அசையுந்தோறும் அதன் ஓரம் சீப்பின் பற்களைப் போலப் பிளவுபட்டுத் தோன்றியது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "புரோகிரசிவ் ஸ்கான் உள்ள டி.வி.டி. பிளேயர் வாங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றார் கடைக்காரர். வாங்கிவந்து, பழைய மஞ்சள் முனை வயரிலேயே இணைத்தோம். பற்கள் மறையவில்லை!

இதன் காரணம் யாது? எமது நாட்டில் வழங்கும் முறையில், இறுவட்டின் ஒரு படம் 576 கோடுகளால் ஆனது. அக்காலத்து வீடியோ கமரா அவற்றை ஒருசேரப் பதிவதில்லை. முதலில் ஒற்றை எண் கோடுகள், ஐம்பதில் ஒரு செக்கன் கழித்து இரட்டை எண் கோடுகள் என இரண்டு அரைப் படங்களாகவே பதியும். பழைய பெட்டி அவற்றை அதே ஒழுங்கில் மாறி மாறிக் காட்டியது. கண் பேதம் அறியவில்லை. புதியதோ எல்லாக் கோடுகளையும் ஒருங்கே காட்டுவது. ஆதலின், அரைப் படங்களைத் தொலைக்காட்சியோ பிளேயரோ இணைத்தாக வேண்டும். பிளேயரே இணைத்து அனுப்புவதுதான் புரோகிரசிவ் ஸ்கான். ஆனால், மஞ்சள் முனை வழியே அரைப் படங்களே செல்லும். முழுப் படம் செல்வதற்கு எச்.டி.எம்.ஐ. வயரோ, பச்சை, நீலம், சிவப்பு என மூன்று முனைகள் கொண்ட வயரோ வேண்டும்.

வயரை மாற்றினோம், பற்கள் மறைந்தன. ஆயினும் கை அசையும்போது சற்றே மங்கிற்று. சினிமாப் படமாயின், இரு பாதிகளும் ஒரே கணத்துக்குரியவை. பெரும்பாலும் பிசகின்றிப் பொருந்தும். அம்மாவின் கையோ முதற் பாதியில் ஓரிடத்திலும் மறு பாதியில் வேறிடத்திலும் அன்றே இருந்தது. அதற்குப் பிளேயர் என் செய்யும்?

"இப்பத்தான் கொம்மாவின்ரை கை மாதிரிக் கிடக்கு" என்று சொல்லிய அப்பா, இன்னொருமுறை போடச் சொன்னார்.

பிளேயர் வாங்க எண்ணும் அன்பர்கள், மட்டைப் பெட்டியில் அச்சிட்ட சொல்லுக்குப் பணம் கொடுக்குமுன், தங்கள் தொலைக்காட்சியின் பின்புறத்தில் எந்த வயருக்கு இடமுண்டு எனப் பார்த்துச் செல்லுங்கள். வீட்டிலுள்ள இறுவட்டொன்றையும் கடைக்கு எடுத்துச் சென்று, யாரேனும் கையசைக்கும் இடத்தைப் போட்டுப் பாருங்கள்.