மெருகும் கீறலும்

உருளையொன்றின் உட்சுவரை எந்த அளவுக்கு மெருகேற்ற வேண்டும் என்று வினவினால், இயன்ற மட்டும் என்றே பலரும் விடையிறுப்பர். பொறித்தொழிலின் அனுபவமோ இதற்கு மாறானது.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் 1905 முதல் உருவாக்கப்பட்ட காற்றுத் துவக்குகளை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். வில் விடுபட்டு முசலத்தை உந்த, உருளையிலுள்ள வளி நொடிப்பொழுதில் நெருக்குண்டு சன்னத்தை வெளித்தள்ளுகிறது. அவ்வளி ஓரத்தாற் கசியாது காப்பது முசலத்தின் தலையிற் பொருத்தப்பட்ட தோல் வளையமே.

தந்தை விட்டுச்சென்ற அத்தகைய துவக்கொன்றைப் புதுப்பிக்க முனையும் மகன், அதன் உருளையைக் கண்ணாடி போலாக்கவே முதலில் விழைகிறான். துருவரித்த ஒவ்வொரு குழியும் தன் அசிரத்தைக்குச் சாட்சியாக அவனுக்குத் தோன்றுகிறது. ஆனால், தேய்த்தெடுத்த எஃகினை மீள வைத்தல் இயலாது. உருளை அகன்றுவிட்டால் வளையம் பொருந்தாது.

தேய்கற்கள் சுழன்றவாறே முன்னும் பின்னும் செல்கையில், சுவரில் ஒன்றையொன்று குறுக்கிடும் நுண்கீறல்கள் விழுகின்றன. எண்ணெயைத் தாங்கி நிற்பன இக்கீறல்களே. முற்றாக மெருகேறிய சுவரிலிருந்து வளையம் எண்ணெயைத் துடைத்தெடுத்துவிடும். பின்னர் உலர்ந்த முகத்தில் உராய்ந்து தானே அழியும். சுவர் மிகக் கரடாயின் அரம்போல் வளையத்தை அராவிவிடும். அசையும் றப்பர் வளையங்களுக்குச் சராசரிக் கரடு ஏறத்தாழ 0.2 முதல் 0.4 மைக்ரோமீற்றர் வரை இருத்தல் உகந்தது என்பர். எண்ணெயில் ஊறிய தோல் இதனிலும் சற்றுக் கூடிய கரட்டைப் பொறுக்கும். எனினும் எண்ணெய் மிகுதலும் தீதே. நெருக்குண்ட வளியின் வெப்பத்தால் அது தீப்பற்றக்கூடும்.

மெருகினும் முதன்மையானது வடிவம். ஜேம்ஸ் வாற்றின் நீராவிப் பொறி நெடுங்காலம் இடர்ப்பட்டமைக்கு உருளை செவ்வையான வட்டமாக அமையாமை ஒரு பெருங் காரணமாகும். பீரங்கி துளைக்கும் முறைக்கு 1774 இல் காப்புரிமை பெற்ற ஜோன் வில்கின்சன் செம்மையான உருளைகளை ஆக்கி வழங்கிய பின்னரே, 1776 இல் அப்பொறி தொழிலுக்கு வந்தது.

ஆகவே, அந்த மகன் முதலில் உருளையின் வட்டத்தை அளக்கிறான்; பின் விரலால் குழிகளைத் தடவுகிறான். வளையத்தைக் கிழிக்கும் கூர்மை அவற்றில் இல்லையாயின் கற்களைக் கீழே வைத்துவிடலாம். தந்தையின் பொருளைத் தன் கண்ணுக்கு இனிதாக்குவதா, அது மீண்டும் தொழிற்படுமாறு திருத்துவதா என்பதே அவன் முன்னுள்ள உண்மையான வினா. பின்னதைத் தெரிபவன் சில குழிகளை அப்படியே விட்டுவிடுகிறான்.