ஓரத்துச் சிவப்பு

சில வருஷங்களாக லைக்கா எம்9 கேமிராவில் ஒரு 15 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிப் படம் எடுத்து வருகிறேன். வோய்க்ட்லாண்டர் என்ற பழைய பெயரில் ஜப்பானின் கோசினா கம்பெனி 1999இல் கொண்டுவந்த ஹீலியார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆனால் மூலைக்கு மூலை 110 பாகைக் காட்சியை விழுங்கும். நண்பர்கள் இதை விஸ்தாரத்துக்கான கருவி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கடற்கரை, கோபுரம், வானம். எனக்கு அப்படிப் படவில்லை. இது சின்ன இடங்களுக்கான லென்ஸ். பின்னால் நகர இடமில்லாதவனின் லென்ஸ்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமிராவில் நாம் லென்ஸ் வழியே பார்ப்பதில்லை, பக்கத்திலுள்ள ஒரு சிறு ஜன்னல் வழியே பார்க்கிறோம். எம்9இன் ஜன்னலில் 28 மில்லிமீட்டர் வரைக்கும்தான் சட்டக் கோடுகள் உண்டு. 15க்குக் கேமிராவின் தலைமேல் தனியாக ஒரு ஃபைண்டரைச் செருக வேண்டும். கிட்டத்தில் அது காட்டுவது ஒன்று, லென்ஸ் வாங்கிக்கொள்வது கொஞ்சம் வேறு. இந்த லென்ஸ் ஃபோகஸ் பார்க்கும் ஏற்பாட்டோடு இணைந்ததும் இல்லை. தூரத்தை உத்தேசமாக மதித்து வளையத்தைத் திருப்பிக்கொள்வதுதான். எஃப்8இல் 1 மீட்டருக்கு வைத்தால் அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை துலங்கும். நடுவில் இருப்பதை நான் தேர்ந்தெடுக்கிறேன். ஓரங்கள் தாமாக வந்து சேருகின்றன.

அந்த ஓரங்களில்தான் சிக்கல். ரேஞ்ச்ஃபைண்டரில் நடுவே கண்ணாடித் தட்டு கிடையாது என்பதால் லென்ஸின் பின்முனை உள்ளே வெகுதூரம் போய் உட்கார முடியும். மூலைகளுக்குப் போகும் ஒளி மிகச் சாய்வாகப் போகும். ஃபிலிம் இதைப் பெரிதுபடுத்தவில்லை; எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வாங்கிக்கொண்டது. சென்ஸார் அப்படியில்லை. அதன் மேல் ஒரு கண்ணாடிப் படலம், அதற்குக் கீழே நுண்லென்ஸ்கள், நிற வடிகட்டிகள். சாய்ந்து வரும் ஒளி ஒரு நிறத்துக்கான வாசலில் நுழைந்து பக்கத்து அறையில் போய் விழுகிறது. 2009இல் வந்த எம்9க்காக கோடாக் செய்த சென்ஸாரில் ஓரத்து நுண்லென்ஸ்களை நடுவை நோக்கி நகர்த்தி வைத்திருந்தார்கள். என் லென்ஸுக்கு அது போதவில்லை. இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கறை, வலது ஓரத்தில் சில சமயம் லேசான பச்சை.

சிவப்புக்கு முன்பே இருளும் உண்டு. அது பழைய விதி. மூலைக்கு 55 பாகை சாய்வில் வரும் ஒளி, கணக்குப்படி, நடுவில் விழுவதில் ஒன்பதில் ஒரு பங்குதான். செய்பவர்கள் கொஞ்சம் ஈடுகட்டலாம். முழுக்க ஒழிக்க முடியாது. ஸைஸ் கம்பெனி 1969இல் மூன்றே கண்ணாடிகளால் ஹோலோகன் என்ற 15 மில்லிமீட்டர் லென்ஸைச் செய்தபோது, கூடவே நடுவில் இருண்டு ஓரத்தில் தெளிந்த ஒரு ஃபில்டரையும் கொடுத்தது. அதை மாட்டினால் எஃப்8 நடைமுறையில் எஃப்16 ஆகிவிடும். ஓரத்தைச் சமமாக்க நடு தன் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்தது. இன்றைய சாஃப்ட்வேர் நேரெதிர். நடுவைத் தொடுவதில்லை. இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகப் பெருக்கி ஓரத்தைத் தூக்கிவிடுகிறது. பெருக்கிய இடமெல்லாம் பொரிப்பொரியாகிறது. இரண்டும் சமன்தான், இழப்பு யார் தலையில் விழுகிறது என்பது வேறு.

அம்மா கடைசி இரண்டு வருஷம் படுத்திருந்த அறை பத்தடிக்கு எட்டடி. இடது சுவரோடு கட்டில், எதிரே ஜன்னல், மாத்திரை டப்பாக்கள் அடுக்கிய ஒரு ஸ்டூல். 50இல் முகம் மட்டும் வந்தது. 35இல் பாதிக் கட்டில். 15இல் முழு அறையும் வந்தது, மின்விசிறியிலிருந்து கட்டிலடிச் செருப்பு வரை. ஆனால் அவளை நடுவில் வைத்தால் கட்டைவிரலளவு ஆகிவிட்டாள். ஓரத்தில் வைத்தால் தலையணையோடு தலையும் மூலையை நோக்கி இழுபட்டது. கிட்டே போவது ஒன்றுதான் வழி. அரை மீட்டர். அந்தத் தூரத்தில் படம் எடுப்பவன் பார்வையாளனாக இருக்க முடியாது. அவளுடைய மூச்சு கேட்கும்.

நிறக் கறையைப் போக்க ஒரு வழி உண்டு. அதே வெளிச்சத்தில், ஒரு பால்வெள்ளைத் தகட்டை லென்ஸின் முகத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வெறும் வெள்ளை. அதில் படிந்த சிவப்பும் இருளும் லென்ஸும் சென்ஸாரும் சேர்ந்து செய்தவை. மற்றப் படங்களிலிருந்து அதைக் கழித்துவிடலாம். அப்படி எடுப்பதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூடிக்கிட்டு என்னத்தடா எடுக்கறே?”

“லென்ஸோட குறையை எடுக்கறேம்மா.”

“குறையைப் போட்டோ புடிச்சு என்ன பண்ணப்போறே?”

“கழிச்சுடுவேன்.”

“எல்லாத்தையுமா?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

படத்தைத் திருத்த உட்கார்ந்தபோது கணிப்பொறி இரண்டையும் ஒன்றாகவே நினைத்தது. சிவப்பும் குறை, இருளும் குறை. எனக்கு இரண்டும் ஒன்றல்ல. சிவப்பு அந்தச் சுவரில் இல்லை, லென்ஸிலும் இல்லை. ஃபிலிமுக்காகச் செய்த கண்ணாடியும் பின்னால் வந்த சென்ஸாரும் ஒத்துப்போகாததால் பிறந்தது. சுண்ணாம்புச் சுவரின்மேல் அது ஒரு பொய். இருள் பொய்யல்ல. அகலமாகப் பார்க்கிற எந்தக் கண்ணாடியும் கொடுக்க வேண்டிய விலை அது. ஜன்னலிலிருந்து தள்ளியிருந்த அந்த மூலையும் உள்ளபடியே மங்கல்தான். சிவப்பைக் கழித்தேன். இருளை விட்டுவைத்தேன்.

சங்கடம் இப்போது குறைந்துவிட்டது. 2015இல் இதே 15 மில்லிமீட்டரை சென்ஸாருக்கென்று மாற்றிச் செய்தார்கள். எடை இரண்டு மடங்குக்கும் மேல். 2022இன் எம்11இல் சென்ஸாரே சாய்ந்த ஒளிக்கு அதிகம் முரண்டு பிடிப்பதில்லை. ஓரம் நடுவைப் போலவே வெளுப்பாக வருகிறது. நல்லதுதான். எதைக் கழிப்பது, எதை விடுவது என்று யோசிக்க இனி யாருக்கும் அவசியம் வராது. சுவரும் கட்டிலும் ஒரே வெளிச்சத்தில் வந்துவிடும்.