ஒண்ணும் பண்ணாது, வாங்க

நுங்கம்பாக்கத்தில் உள்ள மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையத்து வாசலில் அன்று நான் கேட்ட முதல் வார்த்தையே அதுதான். "ஒண்ணும் பண்ணாது சார், வாங்க." சொன்னவர் கையில் ஒரு சங்கிலி. மறுமுனையில் ஒரு டாபர்மேன். அதன் கண் என் வேட்டி நுனியில் இருந்தது.

2025 நவம்பர். மழை விட்டு தெருவெல்லாம் குட்டை கட்டி நின்ற ஒரு ஞாயிறு. உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்திருந்தது. உரிமத்துக்குக் கட்டணம் 50 ரூபாய்தான். ஆனாலும் ஊரே கெடு நெருங்கியபிறகுதான் கிளம்பியிருந்தது. ரேஷன் கடையானாலும் வருமான வரியானாலும் நம் வழக்கம் அதுதானே. நான் போனது மாடி வீட்டு நண்பருக்குத் துணையாக. அவருடைய ராட்வைலர் புருனோவுக்கு நான்கு வயது, எடை 48 கிலோ. கூடவே எங்கள் குடியிருப்பு வாட்ச்மேனின் தம்பி. ஒடிசாக்காரப் பையன், பத்தொன்பது வயது இருக்கும். காலை, மாலை இரண்டு வேளையும் புருனோவை நடத்திக் கூட்டிப்போவது அவன்தான். மாதம் 2,000 ரூபாய்.

வரிசையில் பெரும்பாலும் நாட்டு நாய்கள், லேப்ரடார்கள், கூடைக்குள் பூனைகள். நாங்கள் நுழைந்ததும் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. நகராமல் நின்றவர் மடியில் பொமரேனியன் வைத்திருந்த ஒரு பாட்டி மட்டும்.

"இதைப் பார்த்துதான் எல்லாரும் ஓடுறாங்க. என் பொம்மி தபால்காரரை ரெண்டு தடவை கடிச்சிருக்கா, தெரியுமா?" என்றார், ஏதோ பேத்தி பரதநாட்டிய மெடல் வாங்கியதைப்போல.

"அப்புறம் என்னம்மா ஆச்சு?"

"என்ன ஆகும்? ஊசி போட்டுட்டு மறுநாள் மணியார்டர் கொண்டுவந்தார்."

சிரித்துவிட்டோம். ஆனால் 'ஆபத்தான இனம்' என்ற பேச்சின் முடிச்சு முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. கடிக்கிற குணத்துக்குச் சாதியில்லை. ராஜபாளையமும் கடிக்கும், பொம்மியும் கடிக்கும். வித்தியாசம் கடித்தபிறகு. ராட்வைலரின் முன்னோர் ஜெர்மனியில் ராட்வைல் என்ற ஊரில் மாட்டு மந்தையை ஓட்டிப்போனவை, கசாப்புக்காரரின் இறைச்சி வண்டியை இழுத்தவை. அந்தக் கழுத்தும் தாடையும் அப்படி வாய்த்தவை. பிட்புல்லின் வழி இன்னும் கொடியது. இங்கிலாந்தில் காளையின் மேல் நாயை ஏவிவிட்டு வேடிக்கை பார்த்த காலத்தில் தொடங்குகிறது. 1835இல் சட்டம் அந்த வேடிக்கையைத் தடுத்ததும், நாயோடு நாயை மோதவிட ஆரம்பித்தார்கள். பிடித்தால் விடாத நாயாகப் பார்த்துப் பார்த்து இணை சேர்த்தவன் மனிதன்.

உள்ளே சிப் போடும் மேசை. ஊசி சாதாரண ஊசியைவிடத் தடிமன். அதற்குள் அரிசிமணி அளவில் ஒரு சிப். தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் தோலைக் கிள்ளித் தூக்கி, ஒரே அழுத்து. புருனோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நண்பர்தான் கண்ணை மூடிக்கொண்டார். கையடக்கக் கருவியை அதன் முதுகருகே கொண்டுபோனதும் 'பீப்' சத்தம், திரையில் 15 இலக்க எண்.

"இனிமே இவன் எங்க இருக்கான்னு போன்லயே பார்க்கலாமா?" என்றார் நண்பர்.

உதவியாளர் சிரித்தார். "அண்ணே, இது ஃபாஸ்டாக் மாதிரி. யாரு வண்டின்னு சொல்லும். வண்டி எங்க போகுதுன்னு சொல்லாது."

அதில் பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. கருவி அருகே வந்தால் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். நாய் கடித்தபிறகு 'எங்களுடையது இல்லை' என்று கைகழுவுகிறவருக்கும், வயதான நாயைப் பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போகிறவருக்கும்தான் அந்த எண் பதில்.

எங்களுக்கு அடுத்து வந்தவர் ஓர் இளைஞர். இழுத்து வந்த நாய்க்குப் பாறைபோல் தலை, கிண்ணம் கவிழ்த்ததுபோல் கன்னம். "என்ன இனம்?" என்று டாக்டர் அம்மா கேட்க, "லேப் கிராஸ், மேடம்" என்றார் சற்றும் தயங்காமல். அவர் நாயைப் பார்த்தார், இளைஞரைப் பார்த்தார், மறுபடி நாயைப் பார்த்தார். "இதுல எங்கப்பா லேப் இருக்கு?" பின்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இனத்தைச் சொல்லித் தடை போடும்போது சட்டம் வந்து முட்டி நிற்கிற இடம் இதுதான். 2024 மார்ச்சில் மத்திய அரசு பிட்புல், ராட்வைலர் உட்பட 23 வகைகளைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்கவில்லை என்று அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாங்கள் போய்வந்த சில வாரங்களில் சென்னை மாநகராட்சி தானாகவே ஒரு முடிவெடுத்தது: டிசம்பர் 20 முதல் பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் புது உரிமம் இல்லை, மீறினால் 1 லட்சம் ரூபாய் அபராதம். தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் 'லேப் கிராஸ்'கள் பெருகும் என்பதற்கு அந்த மேசையருகே நின்ற நானே சாட்சி.

வெளியே ஒருவர் தள்ளுவண்டியில் கழுத்துப்பட்டையும் சங்கிலியும் விற்றுக்கொண்டிருந்தார். வாய்மூடியில் இரண்டு வகை. ஒன்று நைலான் துணி, வாயைச் சேர்த்துக் கட்டிவிடும். இன்னொன்று கூடை மாதிரி, உள்ளே நாய் வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப்போடலாம், தண்ணீரும் குடிக்கலாம். நண்பர் விலையைக் கேட்டுவிட்டு நைலானை எடுத்தார். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சென்னை வெயிலில் வாயைக் கட்டி அரை மணி நேரம் நடத்தினால் கடிக்கு முன் அது மயங்கி விழும். ஊசி போடும் இரண்டு நிமிடத்துக்குத்தான் நைலான் சரி. இதைச் சொன்னதும், "எப்படியும் கழட்டித்தான் வைக்கப்போறோம்" என்றார் நண்பர். உண்மைதான். எங்கள் தெருவில் வாய்மூடி நாயின் கழுத்தில்தான் தொங்கும், போலீஸைக் கண்டால் மாட்டிக்கொள்ள வண்டிக் கண்ணாடியில் தொங்குகிற ஹெல்மெட்டைப்போல. கடைசியில் கூடையை வாங்கவைத்தேன்.

திரும்பும் வழியில் ஆயிரம் விளக்கு மாடல் பள்ளிச் சாலைக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். 2024 மே மாதம் அங்கே மாநகராட்சிப் பூங்காவுக்குள் விளையாடிக்கொண்டிருந்த 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறின. பூங்காக் காவலாளியின் மகள். தலையில் பெரிய காயம், அறுவை சிகிச்சை. நாய்களின் உரிமையாளர் கைதானார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் ஜாஃபர்கான்பேட்டையில் ஒரு பிட்புல் கடித்து அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் இறந்தார். நாயைக் கூட்டிவந்த பெண்ணுக்கும் கடி.

பூங்கா அன்று சாதாரணமாக இருந்தது. ஈரப் பெஞ்சு, உதிர்ந்த இலை. புருனோவை உள்ளே கொண்டுபோக மூவருக்குமே மனம் வரவில்லை, எதிர்ப்பக்கம் நின்றோம். நண்பருக்குப் போன் வந்தது. பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு, "ஒரு நிமிஷம் புடிங்க" என்று சங்கிலியை என்னிடம் கொடுத்தார். நழுவிவிடக்கூடாதென்று மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அப்படிச் சுற்றவே கூடாது என்பது பிறகு தெரிந்தது.

உணவு கொண்டுபோகும் பைக் ஒன்று, முதுகில் சிவப்புப் பெட்டியோடு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. புருனோ குரைக்கவில்லை, உறுமவில்லை. சங்கிலி விறைத்ததுதான் தெரியும். அடுத்த கணம் என் இரண்டு முட்டியும் குட்டைக்குள். கை தோளோடு போய்விடும் போலிருந்தது. நண்பர் போனைக் காதில் வைத்தபடியே "டேய்! டேய்!" என்று கத்தினார். அது அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

டீக்கடை வாசலிலிருந்து பையன் ஒரே குரல், "புருனோ!" அதட்டல்கூட இல்லை. நாய் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"சிவப்புப் பெட்டி வண்டின்னா இழுப்பான் சார்" என்றான், என்னைத் தூக்கிவிட்டபடி. "தூரத்துல வரும்போதே நான் திரும்பி நின்னுக்குவேன்." நான்கு வருடமாக நாயை வளர்க்கும் நண்பருக்கு அன்றுதான் அது தெரியும்.

வேட்டியைப் பிழிந்துகொண்டே யோசித்தேன். பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (உரிமம் எடுக்காததற்கும் அதே 5,000 என்பது வேடிக்கை.) 'தன் வசமுள்ள' என்ற சொல்லில்தான் மனம் நின்றது. உரிமத்தில் பெயர் நண்பருடையது. தோலுக்கடியில் இருக்கும் 15 இலக்கமும் அவரைத்தான் காட்டும். தினமும் இரண்டு வேளை சங்கிலி இருப்பதோ மாதம் 2,000 ரூபாய் வாங்கும் பையன் கையில். அவன் லீவு போட்டால் அவன் அண்ணன் கையில். ஏதாவது நடந்தால் 'வசம்' யாருடையது என்று வக்கீல்கள் வாதாட நல்ல இடம். ஆனால் முதலில் போலீஸ் ஜீப்பில் ஏறப்போவது யார் என்று ஊகிக்க எனக்குச் சட்டப் படிப்பு தேவைப்படவில்லை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். முகம் சிறுத்துப்போனது. "நாளையிலிருந்து நானே நடத்துறேன்" என்றார். பையன் என்னைப் பார்த்தான். அந்த 2,000 என்ன ஆகும் என்ற கேள்வி அவன் கண்ணில் இருந்தது. நான் அதை யோசித்திருக்கவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு, மணிக்கட்டில் சங்கிலி பதித்த சிவப்புக் கோட்டில் தேங்காய் எண்ணெய் தடவியபடி பால்கனியில் நின்றேன். மூவரும் கேட்டைத் தாண்டிப் போனார்கள். புருனோவின் வாயில் கூடை ஒழுங்காக மாட்டியிருந்தது. சங்கிலி பையன் கையில். நண்பர் நாலடி பின்னால், அரை நிஜாரில், போனைப் பார்த்துக்கொண்டே.