14 வயசில் பிரஷர்

அக்கா மகனுக்கு 14 வயசு. அடிக்கடி தலைவலி என்று டிக்கோயாவில் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். கையில் கட்டிய பட்டி இறுகித் தளர்ந்தது: 138/88. “இவனுக்கா மிஸ்?” என்று அக்கா தாதியிடம் திரும்பத் திரும்பக் கேட்டா. 13 வயசிலிருந்து 130/80ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டுமாம். ஒரு தடவை அளந்து முடிவு சொல்வதில்லை. வேறு வேறு நாளில் மூன்று தடவையாவது பார்க்க வேண்டும். சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும்.

லயத்துக்குத் திரும்பியதும் அடுப்படியைப் பார்த்தேன். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும், ராத்திரி சோறும் கருவாடும், இடைவேளைக்கு மிக்சர் பக்கெட். எல்லாவற்றிலும் உப்பு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புதான் எல்லை. விடிந்ததும் கொழுந்து பறிக்க ஓடுகிற அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தில் உயரம், எடை பார்க்கிற அன்றைக்கே பிரஷரையும் பாருங்கள். தலைவலி வராத பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?