பாப்பாவை என்கிட்ட விடு

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுறேன். போன்ல பேசினா நீ அழுதுடுறே, நான் கத்திடுறேன். அதான் லெட்டர்.

திங்கக்கிழமை பாப்பா ஸ்கூல் விட்டு நேரா இங்க வந்துச்சு. டிபன் பாக்ஸைத் திறந்தா, நீ கட்டிக் கொடுத்த லெமன் சாதம் அப்படியே இருக்கு. பஸ்ல நின்னுக்கிட்டே வந்து குமட்டுதாம். மேப்பை விரிச்சு வச்சு நர்மதா ஆத்தைப் பாதி போட்டுச்சு. மீதியைப் போடுறதுக்குள்ள பென்சிலும் கையுமா தூங்கிடுச்சு. விடியக்காலை அஞ்சு மணிக்குப் பெரும்பாக்கத்துல கிளம்புற புள்ள வேற என்னடி பண்ணும்?

அங்க வீடு கிடைச்சதை நான் குறை சொல்லல. கான்க்ரீட் சுவர், உள்ளயே கக்கூஸ்; அம்மா இதைப் பார்க்காமப் போயிட்டாங்களேன்னுதான் எனக்கு. ஆனா இங்க ராயபுரத்துல இருக்கற ஸ்கூலுக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர். உன் வீட்டுக்காரரே ராத்திரி ஏலத்துக்குக் காசிமேட்டுல நிக்கணும்னு பாதி நாள் போட்லயே படுத்துக்கிறார். பெரிய மனுசனுக்கே முடியல.

தம்பியை நினைச்சுப் பாரு. 2004 சுனாமிக்கு அப்புறம் கார்கில் நகர் கொட்டகையில இருந்தோமே, அங்கிருந்து காசிமேட்டு ஸ்கூலுக்கு ஆறேழு கிலோமீட்டர்தான். முதல்ல லேட்டாப் போனான். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள் லீவு. அப்புறம் ஐஸ் உடைக்கப் போயிட்டான். எட்டாவதோட சரி. படிக்காதேன்னு அவனை யாருமே சொல்லலடி.

சின்னவனை ஜூன்ல பெரும்பாக்கத்து ஸ்கூல்லயே சேர்த்துடு. நாலாவதுதானே, அழுதாலும் ஒரு வாரத்துல பழகிடுவான். சத்துணவுக் கூடத்துல இருக்கறதால டீச்சருங்க பேசுறது என் காதுல விழும்: 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட விதிப்படி, அஞ்சாவது வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ள, எட்டாவது வரைக்கும் மூணு கிலோமீட்டருக்குள்ள ஸ்கூல் இருக்கணுமாம். அதோட அந்தச் சட்டமும் நின்னுடுது. நம்ம பாப்பா பத்தாவது!

டி.சி. மட்டும் இப்ப வாங்கிடாத. வருசத்து நடுவுல புது ஸ்கூல், புது டீச்சர்னு போனா இருக்கறதும் போயிடும். பப்ளிக் பரீட்சை முடியற வரைக்கும் அவ என்கிட்ட இருக்கட்டும். பொம்பளப் புள்ளைய இன்னொரு வீட்டுல விடறதான்னு உன் வீட்டுக்காரர் கேட்பார். நான் இன்னொரு வீடான்னு நீ கேளு.

ஞாயித்துக்கிழமை துணிமணி, புஸ்தகம் மட்டும் கட்டி அனுப்பு. பாயி, தலகாணி இங்க இருக்கு.

உன் அக்கா